ஸ்கேன் நார்மல் என்றால் ஆளும் நார்மலா?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

சொந்தக் காரைப் பந்தயக் களத்துக்குக் கொண்டுபோய், போட்டி இல்லாமல், கட்டணம் கட்டி வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு ‘ட்ராக் டே’ என்று பெயர். அப்படிப்பட்ட நாள்களில் விபத்துக்குள்ளானவர்களும் அவர்களுடைய வீட்டாரும் எழுதிய கடிதங்கள் புதுச்சேரி, கடலூர் பகுதிகளிலிருந்து அடுத்தடுத்து வந்ததால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எலும்பு மற்றும் மறுவாழ்வு மருத்துவத்தோடு, பந்தயக் களங்களின் மருத்துவக் குழுவிலும் பணியாற்றிய பழக்கம் இருப்பதால், காரைப் பற்றிய இரண்டொரு கேள்விகளையும் ஒதுக்கவில்லை.

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 34. புதுச்சேரியில் குடும்பத் துணிக்கடையைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு ட்ராக் டேயில், வளைவுக்குள் தாமதமாக ப்ரேக் பிடித்ததில், என் ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்கம் வழுக்கிச் சுழன்று, களத்தோரம் தடுப்பாக வைத்திருந்த டயர் அடுக்கில் பக்கவாட்டாக மோதியது. நானே கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். தலை எதிலும் இடிக்கவில்லை. சி.டி. ஸ்கேன் நார்மல். இடது மணிக்கட்டு எக்ஸ்ரேயிலும் முறிவு இல்லை. நெஞ்சில் பெல்ட் பட்ட இடம் மட்டும் கன்றிப்போயிருந்தது. ஆனால் இன்றும் கடையின் விளக்கொளியில் அரைமணி நேரம் நின்றால் தலை வலிக்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் மண்டையில் ஏறுவதில்லை. காரணமில்லாமல் பணியாளர்களிடம் எரிந்து விழுகிறேன். தினமும் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்கிறேன். அடுத்த மாத ட்ராக் டேவுக்கு ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது. “ஸ்கேன்தான் நார்மலாயிற்றே, பிறகென்ன?” என்கிறார்கள் நண்பர்கள். போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், லாஸ்பேட்டை

பதில்: போகக் கூடாது. கட்டிய பணம் போனால் போகட்டும்.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் உள்ள குழப்பம் மிகப் பரவலானது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். விபத்தன்று சி.டி. ஸ்கேன் எடுப்பது, மண்டையோடு உடைந்திருக்கிறதா, உள்ளே ரத்தம் கசிகிறதா, அறுவை சிகிச்சைக்கு உடனே அழைத்துப்போக வேண்டுமா என்று தெரிந்துகொள்வதற்காக. அதற்கு ‘இல்லை’ என்று விடை வந்தது நல்ல செய்தி. ஆனால் உங்களுக்கு ஏற்பட்டிருப்பது மூளையதிர்ச்சி என்பதற்கான அறிகுறிகள் கடிதம் முழுவதும் இருக்கின்றன. அது ஸ்கேனில் தெரிவதே இல்லை. சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்த கொத்தனாரிடம், வீட்டில் மின்சாரம் சீராக ஓடுகிறதா என்று கேட்பதைப் போன்றது இது. தலை எதிலும் இடிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வேகமாகப் போய்க்கொண்டிருந்த உடல் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நிறுத்தப்படும்போது, மண்டையோட்டுக்குள் மூளை குலுங்கித் திருகப்படுகிறது; நரம்புச் செல்களுக்கு உள்ளும் புறமும் இருக்க வேண்டிய உப்புகளின் சமநிலை குலைகிறது; அதைச் சீர்செய்ய மூளைக்குக் கூடுதல் ஆற்றல் தேவைப்படும் அதே வேளையில் ரத்த ஓட்டம் குறைந்துபோகிறது. வெளிச்சமும் இரைச்சலும் தாங்க முடியாமல் போவது, இரண்டு குரல்களைப் பிரித்தறிய முடியாமை, எரிச்சல், மறதி எல்லாம் இந்தப் பற்றாக்குறையின் வெளிப்பாடுகள்தாம். பணியாளர்கள்மீது நீங்கள் எரிந்து விழுவதைக் குணக்கேடு என்று நினைத்து வருந்த வேண்டியதில்லை. அதையும் ஓர் அறிகுறியாகக் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இது இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் காலத்துக்குள் மீண்டும் ஒருமுறை மூளை குலுங்கினால், முதல் அடியைவிடச் சிறிய அடிகூடப் பெரிய தொல்லையைத் தரலாம் என்பதுதான் நான் உங்களைத் தடுப்பதற்கு முதல் காரணம். இன்னொன்று, மூளையதிர்ச்சி முழுவதும் நீங்காதவருக்கு எதிர்வினை நேரம் நீண்டிருக்கும். அது அவருக்கே தெரியாது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 33 மீட்டர் கடக்கிறது. ப்ரேக் மிதிக்கக் கால் நொடி தாமதித்தால் எட்டு மீட்டர் போய்விடும். முழு நலத்தோடு இருந்தபோதே வளைவில் தாமதித்திருக்கிறீர்கள்.

இருட்டறையில் அசையாமல் படுத்திருக்கச் சொன்ன பழைய அறிவுரை இப்போது வழக்கில் இல்லை. விளையாட்டில் ஏற்படும் மூளையதிர்ச்சி குறித்து 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்த வழிமுறைப்படி, முதல் ஒன்றிரண்டு நாள்கள் மட்டுமே ஓய்வு. செல்பேசித் திரையையும் அந்த நாள்களில் குறைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மெதுவாக நடக்கத் தொடங்கிவிடலாம். உங்கள் தலைவலிக்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் கொடுத்துவிட்டு நடக்கப் போங்கள். நடக்கும்போது அது இரண்டு புள்ளிகளுக்கு மேல் ஏறாமலும், ஏறியது ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தும் விட்டால் அந்த அளவு நடை உங்களுக்குத் தாங்கும் என்று பொருள். ஏறினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் பார்க்கலாம். மாலையில் வாகனங்களை நிறுத்திவிடுவதால் கடற்கரைச் சாலை இதற்கு மிகவும் ஏற்ற இடம், ஆனால் வார இறுதிக் கூட்டத்தைத் தவிருங்கள். அந்த இரைச்சலே உங்களுக்கு வலியை ஏற்றிவிடும். நடை பழகியபின் சற்று வேகமான நடை, பிறகு நிலைச் சைக்கிள், பிறகு உடற்பயிற்சி என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் தர வேண்டும். மீண்டும் அடிபட வாய்ப்புள்ள எதையும் தொடங்குமுன் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். ட்ராக் டே அந்தப் படிகளிலேயே கடைசிக்கும் கடைசி. நகருக்குள் கார் ஓட்டுவதையும் அறிகுறிகள் நீங்கும்வரை வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள்.

வலி மாத்திரையை இன்றே குறைத்தாக வேண்டும். சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் பதினைந்து நாள்களுக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும். தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, வாந்தி, பகலில் அடங்காத தூக்கம், ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், வலிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய் மறுபடியும் ஸ்கேன் எடுக்க வேண்டும். மூளையின் மேலுறைக்குக் கீழே மெல்லக் கசியும் ரத்தம் சில வாரங்கள் கழித்துக்கூட வெளிப்படும். இவை எதுவும் இல்லாமலே நான்கு வாரம் கடந்தும் தொல்லை நீடித்தால் நரம்பியல் மருத்துவரையோ மறுவாழ்வு மருத்துவரையோ பாருங்கள். ஜிப்மர் உங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லை.

மணிக்கட்டு பற்றி ஒரு சொல். கட்டை விரலை நன்றாக நீட்டிப் பிடித்தால் அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு சிறு குழி விழும். அந்தக் குழியை மற்றொரு கையின் விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். அங்கே வலித்தால் ஸ்கேஃபாய்டு என்னும் சிறிய எலும்பில் முறிவு இருக்கக்கூடும். மோதும்போது ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்தவர்களுக்கு இது ஏற்படுவதுண்டு. முதல் எக்ஸ்ரேயில் இம்முறிவு தெரியாமல் போவதும், பத்து, பதினான்கு நாள் கழித்து எடுக்கும்போது தெரிவதும் வழக்கம். கவனிக்காமல் விட்டால் எலும்பின் ஒரு பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்று அது பட்டுப்போகும். பிறகு வாழ்நாள் முழுவதும் மணிக்கட்டு வலிதான். ஆகவே மறு எக்ஸ்ரே அவசியம். நெஞ்சுக் கன்றலுக்கு நேரம்தான் மருந்து; வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடாமல், இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆழ மூச்சிழுத்துப் பழகுங்கள்.

நண்பர்கள் மறுபடியும் வற்புறுத்தினால் நடிகர் அஜித் குமாரை எடுத்துச் சொல்லுங்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் அவருடைய கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. காயமின்றித் தப்பியும், தம் அணியின் நலன் கருதி அந்தக் காரை ஓட்டும் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். அந்தக் கார் போட்டியிட்ட பிரிவில் அவருடைய அணி மூன்றாம் இடம் பிடித்தது.

கேள்வி: வணக்கம் டாக்டர். நண்பர் ஓட்டிய காரில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து ட்ராக் டேவுக்குப் போன என் மகனுக்கு (வயது 26) விபத்தில் காறை எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது, பிசியோதெரபியும் முடிந்துவிட்டது. ஆனால் இப்போது காரின் முன் இருக்கையில் உட்கார மறுக்கிறான். தெருவில் பஸ் சட்டென்று ப்ரேக் போட்டால் உடம்பு தூக்கிப்போடுகிறது. நடு இரவில் கத்திக்கொண்டு எழுகிறான். தூக்கம் வர வேண்டும் என்று குடிக்கவும் ஆரம்பித்திருக்கிறான். திருஷ்டி கழித்தோம், திருவந்திபுரம் போய் அர்ச்சனையும் செய்துவிட்டு வந்தோம். “ஆம்பளைப் பிள்ளைக்கு என்ன பயம், ஒரு நாள் வண்டியில் ஏற்றி உட்கார வைத்தால் சரியாகிவிடும்” என்கிறார் அவனுடைய அப்பா. அப்படிச் செய்யலாமா?
– ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அம்மா, வலுக்கட்டாயமாக ஏற்றி உட்கார வைக்கவே வேண்டாம். பயத்தின் உச்சத்தில் தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும் அனுபவம், விபத்தை மறுபடியும் ஒருமுறை அவருக்கு நடத்திக் காட்டுவதாகத்தான் முடியும்.

விபத்துக்குப் பின் முதல் சில வாரங்கள் கெட்ட கனவும் திடுக்கிடலும் வருவது இயல்பு. பெரும்பாலோருக்கு அவை தாமாகவே தேய்ந்து மறையும். ஒரு மாதம் கடந்தும் கனவு, திடுக்கிடல், தவிர்த்தல் மூன்றும் சேர்ந்து நீடித்தால் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறாக அது இருக்கலாம். உங்கள் மகனுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. இதற்குப் பயனுள்ள சிகிச்சைகள் இருக்கின்றன. அந்தச் சம்பவத்தைப் பாதுகாப்பான சூழலில், தேர்ந்த ஒருவரின் துணையோடு, சிறிது சிறிதாக நினைவுக்குக் கொண்டுவந்து, அதன் பிடியைத் தளர்த்தும் உளவியல் சிகிச்சைதான் முதன்மையானது. மாத்திரை தேவையா என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்வார்; மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை இதற்குத் தீர்வே அல்ல. உடனே யாரிடமாவது பேச வேண்டுமானால் 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ சேவை நாள் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். மகன் பேச மறுத்தால் நீங்களே அழைத்து வழி கேட்கலாம்.

குடியைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். புதுச்சேரி எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர்க்காரர்களுக்குப் பாட்டில் கிடைப்பது ஒரு பிரச்சினையே இல்லை என்பது எனக்குத் தெரியும். மது சீக்கிரம் கண்ணை மூட வைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துவிடும். கெட்ட கனவுகள் மிகுதியாக வருவதும் அந்த நேரத்தில்தான். இரண்டு மாதத்தில் பழக்கமாகிவிட்ட குடி, ஓராண்டில் தனி நோயாக நிற்கும். மனநல மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே இதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

திருஷ்டி கழித்ததும் கோயிலுக்குப் போனதும் உங்களுக்கு ஆறுதல் தந்திருந்தால் நன்மையே. அதோடு நிறுத்திக்கொள்ளாமல் கடிதம் எழுதியிருக்கிறீர்களே, அது இன்னும் நன்று.

சிகிச்சை தொடங்கியபின், மருத்துவர் ஒப்புக்கொண்டால், காரோடு மீண்டும் பழகுவதை வீட்டு வாசலிலிருந்தே தொடங்கலாம். நின்றுகொண்டிருக்கும் காரில், இன்ஜினைப் போடாமல், கதவைத் திறந்து வைத்தபடி பின் இருக்கையில் சிறிது நேரம் உட்காரட்டும். படபடப்பு ஏறி, அங்கே இருக்கும்போதே தானாக இறங்கும்வரை இருந்துவிட்டு எழ வேண்டும். உச்சத்தில் இறங்கி ஓடிவிட்டால் மூளை ‘ஓடியதால்தான் பிழைத்தேன்’ என்று கற்றுக்கொள்ளும். அது எளிதானபின் முன் இருக்கை, பிறகு ஓடும் இன்ஜின், பிறகு போக்குவரத்து இல்லாத விடியற்காலையில் சில்வர் பீச் வரை ஒரு மெதுவான பயணம். பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டிப் புதுச்சேரிச் சாலையில் போவதெல்லாம் வெகு பின்னால். எந்தப் படியில் எத்தனை நாள் நிற்பது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். வண்டி ஓட்டுபவர் பேச்சுக்கு இடையே திரும்பிப் பார்ப்பதும், ஹாரன் அடித்து முந்துவதும் அந்த நாள்களில் கூடாது.

அவருடைய தந்தையிடம் ஃபார்முலா ஒன் கார் பந்தய வீரர் நிகி லவுடாவைப் பற்றிச் சொல்லுங்கள். 1976 ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்தில் தீப்பிடித்த காரில் சிக்கிச் சாவின் விளிம்புக்குப் போன அந்த உலகச் சாம்பியன், ஆறே வாரத்தில் இத்தாலியின் மோன்சாவில் மீண்டும் காரில் ஏறி நான்காவதாக வந்தார். இதைச் சொல்லிப் பிள்ளைகளை உசுப்பிவிடுகிறவர்கள் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். மோன்சாவில் பயத்தில் உறைந்துபோனதாக லவுடாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதே ஆண்டு அக்டோபரில், ஜப்பானின் ஃபூஜி களத்தில் கொட்டும் மழையில் இரண்டு சுற்றுகளுக்குப் பின் ஆபத்து என்று தாமாகவே காரை நிறுத்தி இறங்கி, ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்தார். அடுத்த ஆண்டே அதை மீட்டும் விட்டார். அவரை யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்வதில்லை.

கேள்வி: ட்ராக் டேயில் டயர் அடுக்கில் பக்கவாட்டாக மோதி நொறுங்கிய என் காருக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? இசிஆரில் நாய் குறுக்கே வந்து மோதியதாக எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்துவிடும் என்கிறார் ஓர் ஏஜென்ட். என் மருத்துவச் செலவும் கொஞ்சமல்ல.
– வாசகர், வில்லியனூர்

பதில்: பாலிசித் தாளில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பத்தியைப் படியுங்கள். நம் நாட்டுத் தனியார் கார் பாலிசிகளில், ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை முதலானவற்றுக்குப் பயன்படுத்தும்போது ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு இல்லை என்று வழக்கமாக எழுதியிருக்கும். “இது பந்தயம் அல்ல, நேரம் குறிக்கவில்லை” என்று வாதாட இடம் உண்டு என்றாலும், நிறுவனங்கள் அதை எளிதில் ஏற்பதில்லை. ஏஜென்ட் சொல்லும் யோசனை மோசடி. அது பிடிபடவும் எளிது. ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியே மோதலின் விவரங்களைப் பதிந்து வைத்திருக்கும். டயர் ரப்பர் படிந்த பக்கவாட்டு நசுங்கலை நாய் மோதியதாக எந்த சர்வேயரும் எழுதமாட்டார். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நிராகரித்தால் முதலில் நிறுவனத்திடமே எழுத்துமூலம் முறையிட்டு, ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். புதுச்சேரியும் அவருடைய எல்லைக்குள்தான் வருகிறது.

மருத்துவச் செலவு தனிக் கணக்கு. இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டுக்கான பொது விலக்குகளில், கார் பந்தயம் போன்ற சாகச விளையாட்டுகளில் ‘தொழில்முறையாக’ ஈடுபடும்போது ஏற்படும் காயத்துக்கே விலக்கு என்றிருக்கிறது. நீங்கள் ஜவுளியோ மளிகையோ விற்றுவிட்டு விடுமுறையில் ஓட்டியவர் என்றால் அந்த ஒரு சொல் உங்கள் பக்கம் நிற்கும். மருத்துவமனை எழுதும் சுருக்கத்தில் ‘கார் பந்தய வீரர்’ என்று யாராவது எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி எழுதிவைத்து அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: விபத்துக்குப் பின் கை நடுக்கம் போக, விடியற்காலையில் இசிஆரில் கொஞ்சம் வேகமாக ஓட்டிப் பழகலாமா?
– வாசகர், செம்மண்டலம், கடலூர்

பதில்: கூடாது. பொதுச் சாலையில் பந்தயமோ வேகப் போட்டியோ நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறையே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். தனியாக ஓட்டினாலும் அபாயகரமாக ஓட்டியதற்கு வேறு பிரிவு இருக்கிறது. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கும் 3.717 கிலோமீட்டர் பந்தயக் களமானாலும், கோயம்புத்தூர் அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ களமானாலும், வளைவுகளில் கொடி காட்ட ஆள் இருக்கிறார்கள், தடம் மாறினால் வேகம் குறைய வெளி இருக்கிறது, எதிரே வண்டி வராது. மரக்காணம் உப்பளத்தருகே விடியற்காலையில் சைக்கிளில் வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு நீங்கள் நடுக்கம் தெளியப் பழகுகிறீர்கள் என்பது தெரியாது. நடுக்கம் இருக்கும்வரை எந்தச் சாலையிலும் ஓட்ட வேண்டாம். அதன் காரணத்தை முதலில் மருத்துவரிடம் கண்டறியுங்கள்.

கேள்வி: விபத்தில் ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. விலை உயர்ந்தது. மறுபடியும் பயன்படுத்தலாமா? கார் பெல்ட்டும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: தலை அடிபட்ட ஹெல்மெட்டாக இருந்தால் வேண்டாம். உள்ளே இருக்கும் தெர்மகோல் போன்ற அடுக்கு, மோதும்போது தான் நசுங்கி விசையை வாங்கிக்கொள்வதற்காக வைக்கப்பட்டது. நசுங்கியது மறுபடி உப்பாது, வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. அடிபடாவிட்டாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. பெல்ட்டும் அப்படித்தான்: மோதலின்போது அதன் இழைகள் நீண்டிருக்கும், மோதியதும் பெல்ட்டைச் சுண்டி இழுத்து இறுக்கும் முனையின் சிறு வெடிமருந்து ஒருமுறை வெடித்துத் தீர்ந்திருக்கும். ஏர்பேக் வெளிவந்த காரில் பை, பெல்ட், உணர்விகள், கட்டுப்பாட்டுக் கருவி எல்லாவற்றையும் பட்டியலிட்டு மாற்றியதற்கான பில்லைக் கேட்டு வாங்குங்கள்; எச்சரிக்கை விளக்கை மட்டும் அணைத்துவிட்டுத் தரும் பட்டறைகளும் உண்டு. பழைய ஹெல்மெட்டைப் பழைய பொருள்காரரிடம் போடுவதற்கு முன் அதன் தாடைப் பட்டையைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஞாயிறு சந்தையில் நல்ல விலைக்குக் கிடைத்தது என்று வேறொருவர் அதை மாட்டிக்கொண்டு போவார்.